ஸ்டீயரிங் நட்டுக்கு எந்த எண்ணை நம்புவது? – வாசகர் கேள்வி பதில்

கனரக வாகனப் பராமரிப்பு குறித்து வந்த கேள்விகளுள், லாரி ஸ்டீயரிங் பழுதுபார்ப்பில் போல்ட், நட்டுகளை எந்த அளவுக்கு முறுக்குவது என்பது பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பணிமனைக்கு வந்த ஒரு பழைய லாரியில் பிட்மன் ஆர்மையும் (ஸ்டீயரிங் பாக்ஸின் தண்டில் மாட்டும் கை) டிராக் லிங்க்கையும் (அந்தக் கையைச் சக்கரப் பக்கத்து ஸ்டீயரிங் ஆர்மோடு இணைக்கும் கம்பி) மாற்ற வேண்டியிருந்தது. அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் எங்களிடம் இல்லை. பால் ஸ்டட் (இணைப்பு மூட்டில் உள்ள கூம்பு வடிவ மரைத் தண்டு) நட்டுக்கு எவ்வளவு டார்க் (முறுக்குவிசை) என்று விசாரித்தபோது, கைபேசியில் கிடைத்த அட்டவணை ஓர் எண்ணைக் காட்டியது. உடன் தொழில் செய்யும் நண்பர் வேறோர் எண்ணைச் சொன்னார். உதிரிபாகம் விற்றவர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். மூன்றில் எதை நம்புவது?

பதில்: அந்த எண் எந்த வண்டியின் எந்த இணைப்புக்கு உரியது, எந்த ஆவணத்தின் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று மூவரில் ஒருவராலாவது காட்ட முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். காட்ட முடியவில்லை என்றால் மூன்றையுமே ஒதுக்கிவிடுவது நல்லது. மூன்றுக்கும் சராசரி கண்டுபிடித்து நடுவில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். உரியவர் தெரியாத மூன்று எண்களின் சராசரிக்கும் உரியவர் இல்லை.

டார்க் அளவு என்பது போல்ட்டுக்கு மட்டும் சொந்தமான எண்ணாகப் பலர் கருதுகிறார்கள். உண்மையில் நமக்குத் தேவைப்படுவது போல்ட்டோ ஸ்டட்டோ நீண்டு, இரண்டு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கும் இழுவிசை. அதைப் பணிமனையில் நேரடியாக அளக்க வழியில்லாததால், நட்டைத் திருப்பும் விசையைக் கொண்டு மறைமுகமாக ஊகிக்கிறோம். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்வுக்கும், சுமார் 40 விழுக்காடு மரைகளின் உராய்வுக்கும் போய்விடுகிறது; ஏறக்குறைய 10 விழுக்காடு மட்டுமே பாகங்களை இறுக்கும் வேலையைச் செய்கிறது. எனவே உராய்வு சற்று மாறினாலும் எஞ்சியிருக்கும் அந்தச் சிறு பங்கு பெரிதாக மாறிவிடும். தயாரிப்பாளர் ஓர் எண்ணை அச்சிடும்போது, இந்த ஸ்டட், இந்த நட், இந்தப் பூச்சு, எண்ணெய் உண்டா இல்லையா, எதிரே இருக்கும் உலோகம் எது என்பவற்றையெல்லாம் வைத்துச் சோதித்தே அச்சிடுகிறார். இந்த நிபந்தனைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, வெறும் இலக்கமாகக் கைமாறி வரும் எண் எதற்கும் உத்தரவாதம் தராது.

ஆகவே தேடலை வண்டியிலிருந்தே தொடங்குங்கள். சேசிஸ் எண்ணை முழுமையாக எழுதிக்கொள்ளுங்கள். மிகப் பழைய வண்டிகளைத் தவிர மற்றவற்றில் அது எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் 17 இடங்கள் கொண்டது. குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளை அந்த 17 இட எண்ணில் பயன்படுத்துவதில்லை என்பதால், வட்டமாகத் தெரிவதைத் தயங்காமல் பூஜ்யம் என்றே எழுதலாம். வண்டித் தயாரிப்பாளரின் சர்வீஸ் பிரிவிடம் மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் பொதுவான விடைதான் கிடைக்கும். ஒரே மாடல் பெயரில் பல ஆண்டுகள் வந்த வண்டிகளில் முன் ஆக்சிலும் ஸ்டீயரிங் பாக்ஸும் இடையில் மாறியிருப்பது வழக்கம். சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் அந்த வண்டி எந்தப் பாகங்களோடு தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பதைப் பார்த்துச் சொல்வார்கள். விடையைத் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல், உரிய பக்கத்தின் நகலாகவோ எழுத்துமூலமாகவோ கேட்டுப் பெறுங்கள்.

பழைய வண்டி என்பதால், தொழிற்சாலையை விட்டு வந்தபின் ஆக்சிலோ ஸ்டீயரிங் பாக்ஸோ மாற்றப்பட்டிருக்கவும் கூடும். சேசிஸ் எண் இதைச் சொல்லாது. ஆக்சில் பீமிலும் ஸ்டீயரிங் பாக்ஸிலும் உள்ள தகவல் தகடுகளைக் கம்பித் தூரிகையால் மெதுவாகத் துடைத்து, மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். மெரிட்டர், டேனா போன்ற ஆக்சில் தயாரிப்பாளர்களும், ஸ்டீயரிங் பாக்ஸ் தயாரிப்பாளர்களும் தங்கள் பாகங்களுக்குத் தனியாகச் சர்வீஸ் மேனுவல் வெளியிடுகிறார்கள். டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி), நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்), ஸ்டீயரிங் ஆர்ம் ஆகியவற்றின் அளவுகளை ஆக்சில் மேனுவலிலும், பாக்ஸின் உள்பாகங்களுக்கும் பெரும்பாலும் பிட்மன் ஆர்முக்கும் உரியவற்றைப் பாக்ஸ் மேனுவலிலும் காணலாம். பாக்ஸை வண்டியின் சட்டத்தோடு (ஃபிரேம்) பிணைக்கும் போல்ட்டுகளுக்கும் டிராக் லிங்க்குக்கும் வண்டித் தயாரிப்பாளரின் மேனுவலே முதன்மை; ஏனெனில் அந்தச் சட்டத்தையும் தாங்கியையும் வடிவமைத்தவர் அவர்.

தகட்டில் உள்ள பெயரைக் கொண்டு தேடும்போது ஒரு சிக்கல் வரும். கனரக ஸ்டீயரிங் தொழிலில் நிறுவனங்கள் பலமுறை கைமாறியிருக்கின்றன. ஜெட்எஃப் லென்க்சிஸ்டமே என்ற பெயரில் பாக்ஸ் தயாரித்த கூட்டு நிறுவனம் 2015-இல் முழுமையாக போஷ் வசமானது. அதே ஆண்டில் ஜெட்எஃப் நிறுவனம் டிஆர்டபிள்யூவை வாங்கியது. ஷெப்பர்ட் நிறுவனம் 2017-இல் வாப்கோவிடமும், 2020-இல் க்னோர் பிரெம்ஸே குழுமத்திடமும் சென்றது. மெரிட்டர் 2022-இல் கம்மின்ஸ் வசமானது. எனவே ஜெட்எஃப் பெயர் பொறித்த பழைய பாக்ஸுக்கான ஆவணம் இன்று போஷிடமும், டிஆர்டபிள்யூ பெயர் பொறித்ததற்கானது ஜெட்எஃப்பிடமும் இருக்க வாய்ப்புண்டு. தகட்டில் உள்ள பெயரில் எதுவும் கிடைக்கவில்லை என்று தேடலைக் கைவிடுவதற்கு முன்பு, இன்று அந்தத் தயாரிப்பு யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஆவணம் கிடைத்ததும் அதன் பதிப்பு நாளைப் பாருங்கள். மேனுவல் அச்சான பிறகு போல்ட்டின் தரமோ நட்டின் வகையோ மாற்றப்பட்டால், அதைத் தொழில்நுட்பச் சுற்றறிக்கையாகத்தான் முதலில் அனுப்புவார்கள். அடுத்த பதிப்பில் சேரும்வரை மேனுவலில் பழைய எண்ணே இருக்கும். "இந்த சேசிஸ் எண்ணுக்கு, இந்த இணைப்பு தொடர்பாகச் சுற்றறிக்கையோ திரும்ப அழைப்போ நிலுவையில் உள்ளதா?" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்பதற்கு அதிக நேரம் பிடிக்காது. தலைப்பும் பக்க எண்ணும் வெட்டப்பட்ட புகைப்படமாக வரும் அட்டவணையில், இந்தப் பதிப்பு நாள்தான் முதலில் காணாமல் போகிறது.

இனி, உதிரிபாகம் விற்றவர் சொன்ன எண். அதை முற்றாகத் தள்ள வேண்டியதில்லை. நீங்கள் மாட்டுவது மூலத் தயாரிப்பாளரின் டிராக் லிங்க்காக இல்லாமல் வேறு நிறுவனத்தினுடையதாக இருந்தால், அதன் ஸ்டட் மரையின் விட்டமோ நட்டின் வகையோ வேறுபடலாம். முன்பு ஸ்பிளிட் பின் போடுவதற்காக விளிம்பில் வெட்டுகள் உள்ள காசில் நட் இருந்த இடத்தில் தானே பூட்டிக்கொள்ளும் நட் வந்திருக்கலாம். அப்போது வண்டி மேனுவலின் எண் இந்த ஸ்டட்டுக்குப் பொருந்தாது. பெட்டிக்குள் வரும் தாளில் பாகத் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் அளவே பொருந்தும். ஆனால் அது அச்சில் இருக்க வேண்டும். விற்பனையாளரின் நினைவிலிருந்து வரக் கூடாது. தாளும் மேனுவலும் முரண்பட்டால், பாக எண்ணைக் குறிப்பிட்டுப் பாகத் தயாரிப்பாளரிடமே விளக்கம் கேளுங்கள். விடை வரும்வரை வண்டி நிற்கட்டும்.

கேள்வி: போல்ட் தலையில் 8.8, 10.9 என்று தரம் பொறித்திருக்கிறதே. விட்டத்தையும் தரத்தையும் வைத்துப் பொது அட்டவணையில் பார்த்தால் விடை கிடைத்துவிடாதா? மேனுவலைத் தேடி அலைவது ஏன்?

பதில்: கிடைக்கும், ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடையாக இருக்கும். அந்தப் போல்ட் கெடாமல் எவ்வளவு தாங்கும் என்பதை, ஏதோ ஓர் உராய்வு நிலையை அனுமானித்துக்கொண்டு, அட்டவணை சொல்கிறது. நம் இணைப்புக்கு எவ்வளவு தேவை, எதிரே உள்ள பாகம் எவ்வளவு தாங்கும் என்பவை அதற்குத் தெரியாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். முறுக்குவிசையை ஊகிக்க, போல்ட்டின் விட்டத்தையும் தேவையான இழுவிசையையும், உராய்வைக் குறிக்கும் ஒரு குணகத்தையும் பெருக்குவது வழக்கம். பூச்சில்லாத உலர்ந்த எஃகுக்கு அக்குணகம் சுமார் 0.20 என்றும், நல்ல மசகு பூசிய மரைக்குச் சுமார் 0.12 என்றும் கொள்ளலாம். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டில் 100 கிலோ நியூட்டன் இழுவிசை வேண்டுமானால், உலர்ந்த நிலையில் 320 நியூட்டன் மீட்டர் தேவை; மசகு பூசிய நிலையில் 192 போதும். இப்போது உலர் நிலைக்கான 320-ஐ, மசகு பூசிய போல்ட்டில் வைத்தால் என்ன ஆகும்? இழுவிசை 166 கிலோ நியூட்டனைத் தாண்டிவிடும். 2 மில்லிமீட்டர் மரை இடைவெளி கொண்ட 16 மில்லிமீட்டர் 10.9 தரப் போல்ட், நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடியது சுமார் 130 கிலோ நியூட்டன் மட்டுமே. போல்ட், எண் இரண்டுமே சரி. இடையில் எண்ணெய் மட்டும் கூடியிருக்கிறது. ரெஞ்ச் கிளிக் என்று ஒலிப்பதற்கு முன்பே போல்ட் கெட்டுவிடும்.

தரக் குறியீட்டில் புள்ளிக்கு முன்னுள்ள எண் இழுவை வலிமையையும், பின்னுள்ளது அதில் எத்தனை பங்கில் உலோகம் மீளாமல் நீளத் தொடங்கும் என்பதையும் குறிக்கிறது. 10.9 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பெயரளவில் 1000 நியூட்டன் வலிமை, அதில் 90 விழுக்காட்டில் நீட்சி, 8.8 என்றால் 800 நியூட்டன், 80 விழுக்காடு. அங்குல அளவுப் போல்ட்டுகளில் தலையில் மூன்று கோடுகள் இருந்தால் 5-ஆம் தரம், ஆறு கோடுகள் இருந்தால் 8-ஆம் தரம். மாற்றுப் போல்ட் வாங்கும்போது இந்தக் குறிகள் மிகவும் தேவைப்படும். ஸ்டீயரிங்கில் தரம் குறைந்த போல்ட்டைப் போட்டுவிட்டுச் சரியான டார்க் வைத்தேன் என்று சொல்வதில் பொருளில்லை.

பால் ஸ்டட் விஷயத்தில் பொது அட்டவணை இன்னும் தொலைவில் நிற்கிறது. அங்கே நட் செய்வது கூம்பு வடிவ ஸ்டட்டை அதற்குரிய கூம்புத் துளைக்குள் இழுத்து அமர்த்தும் வேலை. குறைவாக முறுக்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டட் துளைக்குள் நுண்ணளவில் அசைந்து, துளையைத் தேய்த்து, கடைசியில் உலோகக் களைப்பால் முறியும். அதிகமாக முறுக்கினால் மரைப் பகுதி நீண்டு மெலியும், ஆர்மின் துளையுள்ள கண் பகுதி விரியும். இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட அளவு கூம்பின் கோணத்தையும் தொடும் பரப்பையும் பொறுத்தது. போல்ட் தர அட்டவணையில் அவை இரண்டுமே இல்லை. பொது அட்டவணைக்கு நான் ஒதுக்கும் இடம் ஒன்றே: மேனுவலில் கண்ட எண்ணில் அச்சுப்பிழை இருக்குமோ என்று ஐயம் எழுந்தால், எண் நம்பக்கூடிய எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதைக் கொண்டு முறுக்கக் கூடாது.

கேள்வி: பழைய மேனுவலில் 25 என்று மட்டும் இருக்கிறது, புதிய ரெஞ்சிலோ நியூட்டன் மீட்டர்தான். எப்படி மாற்றுவது?

பதில்: அட்டவணைப் பத்தியின் தலைப்பில் அலகு இருக்கும், அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் மேனுவலின் முன்பகுதியில் இருக்கும். அதைக் காணாமல் மாற்றத் தொடங்காதீர்கள். கிலோகிராம் மீட்டராக இருந்தால் 9.81-ஆல் பெருக்க, 25 என்பது 245 நியூட்டன் மீட்டர் ஆகும். சில ஐரோப்பிய மேனுவல்களில் வரும் டெக்கா நியூட்டன் மீட்டராக இருந்தால் 250. இவ்விரண்டையும் மாற்றிப் படித்தாலும் வேறுபாடு 2 விழுக்காடுதான். ஆபத்து பவுண்ட் அடியில் இருக்கிறது: 1 பவுண்ட் அடி என்பது 1.356 நியூட்டன் மீட்டர். 185 பவுண்ட் அடியை 185 நியூட்டன் மீட்டராகப் படித்துவிட்டால், தேவையான 251-இல் கால் பங்குக்கு மேல் குறைந்துபோகும். கைக்கு அந்த நட் நன்றாக இறுகியதாகவே தோன்றும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. பவுண்ட் அங்குலம் என்பது பவுண்ட் அடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பாக்ஸின் சரிசெய்தல் அளவுகளில் இது அடிக்கடி வரும். அங்கே இன்னொன்றையும் கவனியுங்கள்: அவற்றுட் சில, நட்டை இறுக்கும் அளவே அல்ல, தண்டு சுழல எவ்வளவு விசை தேவைப்பட வேண்டும் என்ற சோதனை அளவு. அந்த எண்ணைப் பக்கத்தில் இருக்கும் லாக் நட்டுக்கு வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: டை ராடு எண்டின் காசில் நட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்கியபின் ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை. சற்றுத் தளர்த்தி நேராக்கலாமா?

பதில்: தளர்த்தக் கூடாது. முன்னோக்கி முறுக்கி, அடுத்த வெட்டு துளைக்கு நேராக வரும்வரை கொண்டுபோக வேண்டும். ஆறு வெட்டுகள் கொண்ட நட்டில் ஒவ்வொரு 60 பாகைக்கும் ஒரு வெட்டு நேராக வரும். ஆகவே கூடுதலாகத் திருப்ப வேண்டியது 60 பாகைக்குள்ளேயே இருக்கும். 1.5 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மரையில் 60 பாகை என்பது நட் கால் மில்லிமீட்டர் முன்னேறுவதற்குச் சமம். தளர்த்தினால் கூம்பை இழுத்துப் பிடித்த விசையில் பெரும்பகுதி அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் போய்விடும். ஸ்பிளிட் பின்னால் அதைத் திரும்பத் தர முடியாது, நட் கழன்று விழாமல் காப்பது மட்டுமே அதன் வேலை.

இதனால்தான் மேனுவல்களில் காசில் நட்டுக்குப் பெரும்பாலும் கீழ் எல்லை, மேல் எல்லை என இரண்டு எண்கள் தரப்படுகின்றன. கீழ் எல்லையில் நிறுத்தித் துளையைப் பாருங்கள். நேராக இல்லையென்றால் மேலே செல்லுங்கள். மேல் எல்லையைத் தாண்டினால்தான் நேராகும் என்ற நிலை வந்தால், அதே வகையான வேறொரு நட்டை மாட்டிப் பாருங்கள். வெட்டு வரும் இடம் சற்று மாறும். நட்டின் அடியை அரத்தால் தேய்ப்பதும், மூலத்தில் இல்லாத வாஷரைச் செருகுவதும் வேண்டாம். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மீண்டும் போடுவதும் அப்படியே.

கேள்வி: துருப்பிடிக்காமல் இருக்க, ஸ்டட்டின் கூம்பிலும் மரையிலும் கிரீஸ் தடவுகிறோம். தவறா?

பதில்: தயாரிப்பாளர் கேட்காதவரை கூம்பில் எதுவும் இருக்கக் கூடாது, கரைப்பானால் துடைத்து, ஸ்டட்டும் துளையும் உலர்ந்த பின் மாட்டுங்கள். கிரீஸ் பூசிய கூம்பு அதே முறுக்கில் கூடுதல் ஆழத்துக்கு இழுக்கப்பட்டுக் கண்ணை விரிக்கும். நட்டை முறுக்கும்போது ஸ்டட்டே சேர்ந்து சுழலவும் செய்யும். அந்தச் சுழற்சியைத்தான் டார்க் என்று ரெஞ்ச் பதிவு செய்துகொண்டிருக்கும். மரையைப் பொறுத்தவரை, "உலர்ந்த நிலையில்" என்றோ "எண்ணெயிட்டு" என்றோ மேனுவல் சொல்வதை எண்ணின் பகுதியாகவே படியுங்கள். புதிய போல்ட்டுகள் சில தொழிற்சாலையிலேயே மசகுப் பூச்சோடு வருகின்றன. அவற்றைக் கழுவிவிடுவதும் எண்ணெய் சேர்ப்பதும் ஒரே அளவுக்குக் கெடுதல்.

இதே வரிசையில் பெயிண்ட்டையும் சொல்ல வேண்டும். பாக்ஸைச் சட்டத்தோடு பிணைக்கும் பரப்புகளில் தடித்த பெயிண்ட் இருந்தால், முறுக்கும்போது எண் சரியாகவே வரும். வண்டி ஓடத் தொடங்கியதும் பெயிண்ட் நசுங்கிப் படிந்து, போல்ட்டின் நீட்சி குறைந்து, இறுக்கம் தளரும். அழகுக்காகப் பூசிய பெயிண்ட் அந்தப் பரப்புக்குள் போகாமல் தடுப்பது மெக்கானிக்கின் வேலையே. மேனுவல் கேட்கும் கடினப்படுத்திய வாஷருக்குப் பதிலாகச் சாதாரண வாஷரைப் போட்டாலும் இதே விளைவுதான்.

கேள்வி: பழைய நட்டைக் கழற்றும்போது எவ்வளவு விசை தேவைப்பட்டது என்று ரெஞ்சில் பார்த்து, அதே அளவுக்குப் புதியதை முறுக்கினால் என்ன?

பதில்: அந்த எண் துருவையும் தேய்மானத்தையும் அளந்த எண். சுத்தமான இணைப்பில் கழற்றும் விசை, முறுக்கிய விசையைவிடக் குறைவாக இருக்கும். துருப்பிடித்த இணைப்பில் பல மடங்கு கூடும். எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அறிய வழியில்லை. போதாக்குறைக்கு, முன்பு முறுக்கியவர் சரியாக முறுக்கினாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. "என் கைக்கே அளவு தெரியும்" என்ற வாதத்தையும் இதனோடு சேர்த்தே வைக்கிறேன். நீண்ட ஸ்பானருக்கும் குட்டை ஸ்பானருக்கும், களைத்த கைக்கும் களைக்காத கைக்கும் இடையே அந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: சரியான எண்ணைக் கண்டுபிடித்துவிட்டோம். ரெஞ்ச் சரியாகக் காட்டுகிறதா என்பதை எப்படி அறிவது? பிட்மன் ஆர்முக்கு அருகே சாக்கெட் நுழையாததால் நீட்டிப்புத் துண்டு போட்டு முறுக்குகிறோம்.

பதில்: கையால் இயக்கும் டார்க் ரெஞ்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரநிலை, கிளிக் வகை ரெஞ்சுகளில் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் 4 விழுக்காடு வரை விலகலை அனுமதிக்கிறது, பயன்படுத்துபவரிடம் இதற்கெனத் தனி நடைமுறை இல்லை என்றால் 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 5000 முறை பயன்படுத்திய பின், இவற்றில் எது முன்னே வருகிறதோ அப்போது அளவொப்பிட (காலிபிரேஷன் செய்ய) வேண்டும் என்கிறது. கீழே விழுந்த ரெஞ்சை இந்தக் கெடுவுக்குக் காத்திராமல் உடனே அனுப்புங்கள். ரெஞ்சின் முழு அளவில் 20 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள எண்களை அதில் வைக்காதீர்கள்: 1000 நியூட்டன் மீட்டர் ரெஞ்சால் டை ராடு கிளாம்ப்பின் சிறிய போல்ட்டை முறுக்குவது சரிப்படாது. இம்பாக்ட் கன்னைக் கழற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இறுதி முறுக்கில் அதற்கு இடமில்லை.

நீங்கள் சொல்லும் நீட்டிப்பு எவ்வகை என்பதைப் பொறுத்து விடை மாறும். சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் இடையே செங்குத்தாக நிற்கும் நீட்டிப்புத் தண்டு, கையால் முறுக்கும்போது அளவைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாற்றாது. ரெஞ்சின் தலைக்கு முன்னே நீண்டுநிற்கும் தட்டையான வாய்த்துண்டு அளவைக் கூட்டிவிடும். ரெஞ்சின் நீளத்தைத் தலையின் மையத்திலிருந்து கைப்பிடியின் மையம் வரை அளந்து, அதைத் தேவையான டார்க்கால் பெருக்கி, ரெஞ்ச் நீளமும் துண்டின் நீளமும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால், ரெஞ்சில் வைக்க வேண்டிய எண் கிடைக்கும். 900 மில்லிமீட்டர் ரெஞ்சில் 100 மில்லிமீட்டர் துண்டை நேராகப் பொருத்தி 300 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால், 270 என்று வைக்க வேண்டும். 300 என்றே வைத்தால் நட்டில் 333 விழும். துண்டை ரெஞ்சுக்குச் செங்கோணமாகத் திருப்பி மாட்ட இடமிருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

பிட்மன் ஆர்மைத் தண்டில் கவ்விப் பிடிக்கும் பின்ச் போல்ட், தானே பூட்டிக்கொள்ளும் நட்டுகள், குறித்த டார்க்குக்குப் பிறகு இத்தனை பாகை என்று கோணமும் சேர்த்துச் சொல்லப்பட்ட போல்ட்டுகள் ஆகியவற்றில், மீண்டும் பயன்படுத்தலாமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். கோண முறையில் முறுக்குபவற்றில் சில, மீளாத நீட்சியின் விளிம்புவரை இழுக்கப்படுபவை. அவற்றை இரண்டாம் முறை முறுக்கினால் ரெஞ்சின் எண் பழையதாக இருந்தாலும் போல்ட் பழைய போல்ட்டாக இருக்காது.

கேள்வி: வண்டியை அனுப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் சோதித்தபோது டிராக் லிங்க் நட் சற்றுத் திரும்பியது. மீண்டும் முறுக்கி அனுப்பலாமா?

பதில்: மறுமுறுக்கு எப்போது, எந்த இணைப்புகளுக்கு என்பதை மேனுவலே சொல்லும், பாக்ஸைப் பிணைக்கும் போல்ட்டுகளில் அப்படிச் சோதித்துச் சிறிது முறுக்குவது இயல்பு. கூம்பு ஸ்டட்டின் நிலை வேறு. சரியாக அமர்ந்த கூம்பு, சரியான டார்க்குக்குப் பின் தளர்வதற்குக் காரணம் ஏதுமில்லை. அதனால் நட்டை மட்டும் இறுக்கி அனுப்பாதீர்கள். ஸ்பிளிட் பின்னை எடுத்து, இணைப்பைப் பிரித்து, ஸ்டட்டின் கூம்பில் மெல்லிய நீலப் பரிசோதனைச் சாயம் தடவி, துளைக்குள் வைத்து எடுத்துப் பாருங்கள். சாயம் கூம்பைச் சுற்றிலும் சீராகப் பதிந்திருந்தால் முதல் முறையே டார்க் குறைவாக வைக்கப்பட்டிருக்கலாம். அப்போதும் ஸ்டட்டிலும் துளையிலும் தேய்ந்த பளபளப்போ, செம்பழுப்புத் தூளோ, மரையில் மெலிவோ இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றும் இல்லையென்றால் மட்டும் புதிய நட்டும் புதிய ஸ்பிளிட் பின்னும் போட்டு மீண்டும் பொருத்துங்கள். சாயம் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ மட்டும் பட்டிருந்தால், கூம்பின் அளவு பொருந்தாத பாகம் வந்திருக்கிறது, அல்லது துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கிறது. முதல் நிலையில் டிராக் லிங்க்கையும், இரண்டாம் நிலையில் பிட்மன் ஆர்மையோ ஸ்டீயரிங் ஆர்மையோ மாற்றியே ஆக வேண்டும். எந்த மேனுவலிலிருந்து எடுத்த எண்ணாக இருந்தாலும் அந்த இணைப்பை அது பிடித்து நிறுத்தாது.